டோக்கியோவில் ஜப்பானிய ப்ராக் ராக்: டிக்கெட் எடுப்பது முதல் இசைத்தட்டு வாங்கி ஊர் திரும்புவது வரை

கென்ஸோ, அயின் சோஃப், கோஎன்ஜி ஹியாக்கெய் போன்ற ஜப்பானிய ப்ராக் (ப்ராக்ரஸிவ் ராக், அதாவது நீளமும் சிக்கலும் கூடிய ராக் இசை) பேண்டுகளை யூடியூபில் கேட்டுக் கேட்டு மயங்கி, “ஒருமுறை ஜப்பான் போனால் நேரில் கேட்கலாம், தட்டும் அள்ளி வரலாம்” என்று நினைப்பவர்களுக்காக இது. சுற்றுலாவாக ஒரு வாரம் வருபவர்களுக்கும், வேலை விசாவில் டோக்கியோவிலேயே இருப்பவர்களுக்கும் சில படிகள் வேறுபடும். அந்தந்த இடத்தில் சொல்கிறேன். இந்த பேண்டுகளின் வரலாறு இங்கே கிடையாது. காசு, நேரம், படிவம், பாஸ்போர்ட் பற்றி மட்டும்தான்.

1. முதலில் கச்சேரித் தேதி, அப்புறம்தான் விமானம்

பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். விமானம், ஹோட்டல் எல்லாம் போட்டுவிட்டு, “அந்த வாரம் யார் வாசிக்கிறார்கள்?” என்று தேடுகிறார்கள். ஜப்பானிய ப்ராக் சின்ன வட்டம். வாசிப்பவர்களில் பலருக்கு வேறு பிழைப்பு உண்டு. கென்ஸோவை நடத்தும் கிதார் கலைஞர் யோஷிஹிஸா ஷிமிஸு பல் மருத்துவர். அதனால் கச்சேரிகள் அரிது, நடப்பவையும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில்தான் குவியும். கடைகளோ வாரம் முழுக்கத் திறந்திருக்கும். ஆகவே கச்சேரிக்குத் தேதியை வளையுங்கள், கடைக்கு வளைக்காதீர்கள்.

எங்கே பார்ப்பது? பேண்டின் பக்கத்தைவிட, வாசிக்கும் இடத்தின் மாத அட்டவணை நம்பகமானது. டோக்கியோவின் கிச்சிஜோஜி பகுதியில் உள்ள சில்வர் எலிஃபன்ட் பல பத்தாண்டுகளாக ப்ராக் பேண்டுகளுக்கு வீடு மாதிரி. கோஎன்ஜியில் ஷோ போட். டிரம்மர் தத்ஸுயா யோஷிதாவின் ருயின்ஸ், கோஎன்ஜி ஹியாக்கெய் வகையறாவைத் தேடினால் இதையும், ஷின்ஜுகு பிட் இன் என்ற ஜாஸ் கிளப்பையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய நிகழ்ச்சி, வெளிநாட்டு ப்ராக் பேண்டு என்றால் கவாசாகியில் உள்ள கிளப் சிட்டா. அட்டவணை பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம் முன்னால்தான் முழுமையாக வரும். ஆறு மாதம் முன்னால் தேடி ஒன்றும் இல்லையென்று சோர்ந்துவிட வேண்டாம்.

தேடும்போது பேண்டின் பெயரை ஜப்பானிய எழுத்தில் போடுங்கள். டிஸ்காக்ஸ் (இசைத்தட்டு விவரங்களைத் திரட்டும் இணையதளம்) பக்கத்தில் அந்த எழுத்து இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் போதும். ஆங்கில எழுத்தில் தேடினால் பாதிக்கு மேல் கண்ணில் படாது.

2. அறிவிப்பில் உள்ள எண்களைப் படிப்பது

ஒரு லைவ் ஹவுஸ் (சின்னக் கச்சேரிக் கூடம்) அறிவிப்பில் இரண்டு நேரம், இரண்டு விலை இருக்கும். முதல் நேரம் கதவு திறப்பது, இரண்டாவது வாசிப்பு தொடங்குவது. இடைவெளி பெரும்பாலும் 30 நிமிடம். தொடங்கும் நேரம் என்றால் அந்த நேரம்தான், “எப்படியும் அரை மணி தாமதமாகும்” என்ற நம்மூர்க் கணக்கு இங்கே செல்லாது. வார இறுதியில் மதியக் காட்சி வைப்பவர்களும் உண்டு, 12 மணியா 24 மணிக் கணக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையில் முதலாவது முன்பதிவு, இரண்டாவது அன்றைக்கு வாசலில். வித்தியாசம் சாதாரணமாக 500 யென். சின்ன லைவ் ஹவுஸில் உள்ளூர் பேண்டுக்கு 3,000 முதல் 5,000 யென் வரை எதிர்பார்க்கலாம். விலைக்குப் பக்கத்தில் “+1டி” என்ற மாதிரி ஒரு குறி நிற்கும். ஒரு பானம் கட்டாயம் வாங்க வேண்டும் என்று பொருள். 600 யென் சுற்றி, வாசலிலேயே ரொக்கமாகக் கேட்பார்கள். “நான் குடிக்க மாட்டேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. ஊலாங் தேநீரோ ஆரஞ்சு ஜூஸோ வாங்கிக்கொள்ளுங்கள். 4,000 யென் என்று போட்டிருந்தால் கையில் 5,000 வைத்துக்கொள்வது சரியான கணக்கு.

3. இடம் பிடிப்பது

இரண்டு வழி உண்டு. எது என்று அறிவிப்பிலேயே இருக்கும்.

முதல் வழி, நேரடியாகச் சொல்லிவைப்பது. இதற்கு “தொரிஒகி” என்று பெயர். லைவ் ஹவுஸுக்கோ பேண்டுக்கோ மின்னஞ்சல் அல்லது செய்தி அனுப்பினால், உங்கள் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொள்வார்கள். காசு வாசலில், முன்பதிவு விலையில். கிரெடிட் அட்டையும் வேண்டாம், ஜப்பானிய ஃபோன் எண்ணும் வேண்டாம் என்பதால் சுற்றுலாப் பயணிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. செய்தியில் தேதி, எந்த பேண்டு, கட்டகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) உங்கள் பெயர், எத்தனை பேர் என்ற நான்கு மட்டும் போதும். “உங்கள் இசை என் வாழ்க்கையை மாற்றியது” என்பதெல்லாம் கச்சேரி முடிந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் இடம் உறுதியாகவில்லை என்று வைத்துக்கொண்டு மூன்று நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் போயே ஆக வேண்டும். முடியாவிட்டால் முந்தின நாளாவது தெரிவியுங்கள். நாற்பது பேர் உட்காரும் இடத்தில் இரண்டு காலி நாற்காலி எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது வழி, இ-ப்ளஸ், பியா, லாசன் டிக்கெட் போன்ற டிக்கெட் நிறுவனங்கள். பெரிய அரங்குக்கு இதுதான். சிக்கல்கள் இங்கேதான் ஆரம்பம்:

கணக்குத் தொடங்க எஸ்எம்எஸ் அல்லது குரல் அழைப்பு வரும் ஜப்பானிய எண் கேட்பார்கள். விமான நிலையத்தில் விற்கும் டேட்டா மட்டும் உள்ள இ-சிம்முக்கு அந்த எண் இருக்காது. சில நிகழ்ச்சிகளுக்கு வெளிநாட்டவருக்கான தனி விற்பனைப் பக்கம் உண்டு, அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் டோக்கியோவில் இருக்கும் நண்பர்தான் கதி.

பெயர்க் கட்டம் இரண்டு. குடும்பப் பெயர் தனி, சொந்தப் பெயர் தனி, எதையும் காலியாக விட முடியாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ள தமிழர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, எல்லா இடத்திலும் அதே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியல் மட்டும் போட்டால் படிவம் ஏற்காது. அதன் கீழே கட்டகானாவில் எழுத இரண்டு கட்டம் வரும். கணினியில் கட்டகானா எழுத்துக்கு இரண்டு அகலம் உண்டு, “முழு அகல” எழுத்தில் அடிக்க வேண்டும். அரை அகலத்தில் விழுந்தால், பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு வரி வந்துகொண்டே இருக்கும்.

வெளிநாட்டு அட்டை பல நேரம் ஏற்காது. கொன்பினியில் (எந்நேரமும் திறந்திருக்கும் சிறுகடை) ரொக்கமாகக் கட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். லாசன் டிக்கெட் என்றால் லாசன், மினிஸ்டாப் கடைகளில் உள்ள லொப்பி இயந்திரம். இ-ப்ளஸுக்கு ஃபேமிலி மார்ட், பியாவுக்கு செவன் இலெவன். இயந்திரத்தில் முன்பதிவு எண்ணை அடித்தால் ஒரு சீட்டு வரும், அதைக் கவுன்டரில் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். செவன் இலெவனில் எண்ணை நேராகக் கவுன்டரிலேயே காட்டலாம். கெடு சில நாட்கள்தான், தவறினால் பதிவு தானாக ரத்து. சேவைக் கட்டணம், அச்சிடும் கட்டணம் என்று டிக்கெட்டுக்குச் சில நூறு யென் கூடும். வாங்கிய டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

4. கச்சேரி நாள்

சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் கோஎன்ஜிக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். சூவோ பாதையின் ஆரஞ்சு நிற விரைவு ரயில் அந்த நாட்களில் கோஎன்ஜியில் நிற்காது. ஷின்ஜுகுவில் மஞ்சள் நிற சூவோ-சோபு ரயிலில் ஏறுங்கள். கிச்சிஜோஜியில் இரண்டும் நிற்கும், விரைவு ரயிலில் கால் மணி நேரப் பயணம்.

லைவ் ஹவுஸ்கள் பாதிக்கு மேல் நிலவறையில். பெயர்ப்பலகை கையகலம் இருக்கும், கூகுள் வரைபடம் கட்டடத்தின் முன்னால் விட்டுவிட்டு “வந்துவிட்டீர்கள்” என்று சொல்லும். கீழே போகும் படிக்கட்டைத் தேடுங்கள். டிக்கெட்டில் வரிசை எண் இருந்தால் கதவு திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய்விட வேண்டும். எண்ணைக் கூப்பிடும்போது இல்லாவிட்டால் உங்கள் முறை போயிற்று.

வாசலில் பெயரைக் கேட்டபின் இன்னொரு கேள்வி வரும்: “இன்றைக்கு எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள்?” சும்மா பேச்சுக்குக் கேட்பதில்லை. மூன்று பேண்டு சேர்ந்து வாசிக்கும் நாளில் ஒவ்வொரு பேண்டுக்கும் இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும் என்ற “நொர்மா” இருக்கலாம். குறைந்தால் கைக்காசு போடுவது பேண்டுதான். உங்கள் பதில் யார் கணக்கில் ஏறும் என்பதைத் தீர்மானிக்கிறது. “எல்லோரையும்” என்று மரியாதைக்குச் சொல்லாமல் ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

ப்ராக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு நரை. நாற்காலி போட்டிருப்பார்கள், உட்கார்ந்து அமைதியாகக் கேட்பார்கள். பாட்டு நடுவில் அமைதியாக ஒரு பகுதி வந்தால் கைதட்டிவிடாதீர்கள், அது முடிவு இல்லை. படம் எடுப்பது பெரும்பாலும் தடை, சிலர் கடைசிப் பாட்டுக்கு மட்டும் அனுமதிப்பார்கள். ருயின்ஸ் வகையறாவுக்குக் காதடைப்பான் அவசியம், கூரை தாழ்ந்த அறையில் டிரம் நேராகக் காதில் இறங்கும்.

முடிந்ததும் பின்னால் ஒரு மேசையில் சிடி விற்பார்கள். வாசித்தவர்களே நிற்பார்கள். சுயவெளியீடு சிடி 2,500 முதல் 3,000 யென். ரொக்கம் மட்டும் என்று வைத்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டு அட்டைக்குப் பணம் தரும் ஏடிஎம் செவன் இலெவனில் இருக்கும், ஆனால் கச்சேரி முடிந்து எடுக்கப் போனால் மேசையை மடக்கியிருப்பார்கள். கடையில் எப்போதும் கிடைக்காத தட்டுகள் இந்த மேசையில்தான் கிடைக்கும். பட்ஜெட்டில் பாதியை இதற்கு ஒதுக்குவேன் நான்.

5. கடையில் எந்த அலமாரி

முதல் இடம் டிஸ்க் யூனியன். ஷின்ஜுகுவில் அதற்கு ப்ராக்ரஸிவ் ராக்குக்கென்றே ஒரு கடை உண்டு. ஷின்ஜுகு கிளைகள் பல கட்டடங்களில் சிதறியிருக்கின்றன, இடமும் மாறும். போகிற அன்று அவர்கள் பக்கத்தில் முகவரி பாருங்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பினால் வேறு மாடியில் ஹெவி மெட்டல் நடுவே நிற்பீர்கள். காலை 11 அல்லது 12 மணிக்கு முன் போய்ப் பயனில்லை.

பொறி என்னவென்றால், ஜப்பானிய பேண்டு எல்லாம் ப்ராக் அலமாரியில் இருக்காது. யோனின்பயாஷி, ஃபார் ஈஸ்ட் ஃபேமிலி பேண்டு, காஸ்மோஸ் ஃபேக்டரி போன்ற 1970களின் பேண்டுகளைப் பல கடைகளில் “ஜப்பானிய ராக்” பகுதியில் வைப்பார்கள். டிஸ்க் யூனியனில் அது தனிக் கடையே. கென்ஸோ, அயின் சோஃப், பிக்யோரான், அவுட்டர் லிமிட்ஸ், பேஜன்ட் ஆகியவை பெரும்பாலும் ப்ராக் பக்கம். இரண்டையும் பார்க்காமல் “கிடைக்கவில்லை” என்று கிளம்பாதீர்கள்.

அடுக்கும் வரிசை ஜப்பானிய அகரவரிசை. இதில் தமிழருக்கு ஒரு அனுகூலம் உண்டு. வரிசை சம்ஸ்கிருத எழுத்துமுறையிலிருந்து வந்தது, அதனால் நமக்கு ஏற்கெனவே பாதி தெரியும். முதலில் அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஹகரம் நிற்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, தமிழில் ஒரே க எழுத்து இரண்டு ஒலிக்கும் நிற்பதுபோல, ஜகரம் ச வரிசையிலும் பகரம் எல்லாம் ஹ வரிசையிலும் சேரும். ஆக அயின் சோஃப் முதல் வரிசை, கென்ஸோ அடுத்தது, ஷின்கெத்ஸுவும் ஜெரார்டும் ச, நோவெலா ந, பிக்யோரானும் பேஜன்டும் ஹ, யோனின்பயாஷி ய. இதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டால் அரை மணி நேரம் மிச்சம்.

6. விலைச்சீட்டும் ஒபியும்

பழைய தட்டின் மேல் ஒட்டிய சீட்டில் இரண்டு எழுத்துத் தரம் இருக்கும். ஒன்று தட்டுக்கு, மற்றது அதன் மேலட்டைக்கு. ஏ நன்று, பி கேட்கத் தகுந்தது, சி என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் வரும் குறிப்புதான் முக்கியம்: ஒபி (அடுத்த பத்தியில் சொல்கிறேன்) உண்டா, வெயிலில் வெளுத்திருக்கிறதா, கறை, கையெழுத்து, தட்டு வளைவு. கேமரா மொழிபெயர்ப்பு இந்தச் சுருக்கெழுத்துகளில் உளறும். சந்தேகம் இருந்தால் கவுன்டருக்குக் கொண்டுபோய் “கென்பான் ஒனெகாய் ஷிமாஸ்” என்று சொல்லுங்கள். உறையிலிருந்து அவர்களே எடுத்து விளக்கொளியில் காட்டுவார்கள். நீங்களாக உறையைப் பிரிக்க வேண்டாம்.

ஒபி என்பது அட்டையின் இடப்பக்கம் சுற்றியிருக்கும் காகிதப் பட்டி. அது இல்லாவிட்டால் விலை நன்றாகக் குறையும். கேட்பதற்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒபி இல்லாததே லாபம். ஆனால் எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க ஒபிதான் துணை. அச்சிட்ட விலையைப் பாருங்கள். வரிக் கணக்கு காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானில் நுகர்வு வரி 1989 ஏப்ரலில் 3 சதவீதமாக வந்தது, 1997இல் 5, 2014இல் 8, 2019 அக்டோபரில் 10. சிடி ஒபியில் 2,800 யென், அடைப்புக்குள் வரியில்லா விலை 2,718 என்று இருந்தால் அது 3 சதவீதக் காலம், அதாவது 1989க்கும் 1997க்கும் நடுவே. 2,500, 2,381 என்றால் 5 சதவீதக் காலம். வரி பற்றிய பேச்சே இல்லாமல் 3,200 என்று மட்டும் இருந்தால் 1989க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். மறுபதிப்பை முதல் பதிப்பு விலைக்கு வாங்காமல் இருக்க இந்தக் கணக்கு போதும்.

அட்டை உறையில் குட்டி எல்பி மாதிரி வரும் சிடிகளைக் “கமிஜாகே” என்பார்கள். பார்க்க அழகு, அளவாக அச்சிடுவதால் தீர்ந்ததும் விலை ஏறும். எஸ்எச்எம்-சிடி, ப்ளூ-ஸ்பெக் (வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த சிடிகள்) என்ற பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம், சாதாரண சிடி பிளேயரில் ஓடும். அந்தப் பிளாஸ்டிக்குக்காகக் கூடுதல் காசு கொடுப்பது என் பார்வையில் வீண். ஒலி மாறியிருந்தால் அது பெரும்பாலும் புது மாஸ்டரிங்கால். ஆனால் எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) என்று இருந்தால் ஹைப்ரிட் தானா, அதாவது சாதாரண சிடி அடுக்கும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை அடுக்கு எஸ்ஏசிடி சாதாரண பிளேயரில் ஓடவே ஓடாது. கச்சேரி டிவிடியிலும் இதே கவனம் வேண்டும்: ஜப்பான் மண்டலம் 2, இந்தியா 5. ப்ளூ-ரேயில் ஜப்பான் ஏ, இந்தியா சி. “எல்லா மண்டலமும்” என்ற குறி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

7. எதிலிருந்து தொடங்குவது

முதல் பயணத்தில் மூல எல்பி வேட்டைக்கு இறங்க வேண்டாம். கென்ஸோவின் 1980, 1982 தட்டுகள் சின்ன அளவில் வெளிவந்தவை. மூலப் பிரதி கண்ணில் பட்டாலும் விலை கண்ணைக் கட்டும். அதே இசை சிடியில் பழைய கடையில் 1,000 முதல் 2,000 யென்னுக்குக் கிடைக்கும்.

ஐந்து சிடி எடுக்கலாம் என்றால் நான் சொல்வது: யோனின்பயாஷியின் “இஷ்ஷொகு சொகுஹத்ஸு” (1974), ஷின்கெத்ஸுவின் முதல் தட்டு (1979), கிங் நிறுவனத்தின் நெக்சஸ் முத்திரையில் வந்த அயின் சோஃப் முதல் தட்டு (1980), கென்ஸோவின் “ஸ்பார்டா” (1989), கோஎன்ஜி ஹியாக்கெயின் “அங்கெர் ஷிஸ்பா” (2005). கடைசியதை வாங்குமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அது எல்லோருக்கும் ஒத்துவராது.

8. வரிவிலக்கு: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

குறுகியகால வருகை அனுமதியில் இருப்பவர்களுக்கு மட்டும். ஜப்பானில் வேலை பார்ப்பவர், படிப்பவர், குடும்ப விசாவில் இருப்பவர் யாருக்கும் கிடையாது. நண்பரின் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்குவது சட்டவிரோதம், செய்யாதீர்கள்.

ஒரே கடையில், ஒரே நாளில், வரிக்கு முன் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்க வேண்டும். பாஸ்போர்ட் அசல் வேண்டும், நகலோ கைப்பேசிப் படமோ செல்லாது. உள்ளே வந்தபோது ஒட்டிய அனுமதிச் சீட்டு அதில் இருக்க வேண்டும். எல்லாக் கடையும் வரிவிலக்குக் கடை அல்ல, வாசலில் அடையாளம் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை நீட்டுங்கள், பில் போட்டபின் பல கடைகளில் திருத்த மாட்டார்கள்.

2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. அதன்பின் கடையில் வரியோடு முழு விலை கட்ட வேண்டும். வாங்கிய 90 நாட்களுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் சுங்கத்தில் உறுதி செய்தபின் வரி திரும்ப வரும். அன்றைக்குப் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் இந்த வேலையை முடிக்க நேரம் ஒதுக்க வேண்டும். எந்த முறையானாலும் வரிவிலக்கில் வாங்கியதைக் கையோடு கொண்டுபோக வேண்டும், தபாலில் அனுப்பிவிட்டுப் போகக் கூடாது.

9. கட்டி எடுத்துப் போவது

உறையோடு ஒரு எல்பி 250 முதல் 300 கிராம். இருபது தட்டு என்றால் கைப்பைக்கான எடை வரம்பில் முக்கால்வாசி போயிற்று. இருந்தாலும் எல்பியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டால் வளையும். கிளம்புமுன் தட்டை அதன் உள்ளுறையோடு அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் வெளிப் பிளாஸ்டிக் உறைக்குள் சேர்த்துவிடுங்கள். அப்படியே விட்டால் குலுக்கலில் தட்டின் விளிம்பு அட்டையின் அடித் தையலைக் கிழித்துவிடும், ஐம்பது வருடக் காகிதம் தாங்காது. ஒபியைக் கழற்றித் தனியாக வைக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். கழற்றும்போதுதான் கிழியும்.

வரியோடு வாங்கியதைத் தபாலில் அனுப்பலாம். கையால் எழுதிய முகவரிச் சீட்டை ஜப்பான் தபால் பொருட்களுக்கு இப்போது ஏற்பதில்லை. இணையத்தில் விவரம் நிரப்பி, அச்சிட்டு ஒட்ட வேண்டும். பொருள் விவரத்தில் “இசை” என்று மட்டும் போடாமல் “பயன்படுத்திய இசை சிடி, 8 எண்ணிக்கை” என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். சுங்கக் குறியீடு 8523இல் தொடங்கும். விலையைக் குறைத்துப் போட்டால் தொலைந்தாலும் அந்தத் தொகைதான் இழப்பீடு. இந்தியாவுக்கு அனுப்பும்போது “அன்பளிப்பு” என்று குறித்தால் வரி வராது என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றுகிறது. அந்தச் சலுகை 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. கூரியரில் வந்தால் பெறுபவரின் ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல் கேட்டுச் செய்தி வரும், பதில் தரும்வரை பொதி சுங்கத்தில் கிடக்கும். பெட்டியின் மேல் எழுதும் பெயர் அந்த ஆவணத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும்.